சாவா மூவா

சுட்டி நேற்றிரவு பட்டிக்கு வரவில்லை.
கன்று கத்திக் கத்தி
விடியும்போது தொண்டை கட்டிவிட்டது.
குளக்கட்டில் கால்தடம்.
வேலங்காட்டில் கால்தடம்.
பிறகு இந்தச் செங்கல் மேட்டைச் சுற்றிய முள்ளுக்கம்பி
ஓரிடத்தில் தளர்ந்து,
அதில் கறுப்பு மயிர் நாலு.

செருப்பைக் கழற்றச் சொன்னான் காவலுக்கு நின்ற விஜேபால.
"மாடு தேடி வந்தனான்."
"மாடு தேடினாலும் கழற்ற வேணும்."
பாதி தமிழில், பாதி கையால்.
கழற்றினேன்.
பத்து மணி மணல்,
நெருஞ்சி வேறு.

பெரியகுளத்துக்கு இந்தப் பக்கம்
முப்பது வருடமாய்ப் பால் கொண்டுபோகிறேன்.
உள்ளே வந்தது இன்றைக்குத்தான்.

படிக்கு இரண்டு பக்கமும் குள்ளர்கள்,
தொந்தி பிதுங்க, பாரம் தலையில்.
பால்கானைச் சைக்கிளில் ஏற்றும்போது
இராசநாயகத்தின் வாய் இப்படித்தான் கோணும்.
அவர்களுக்கு மேலே ஏழு படம் விரித்து நாகராசன்,
மூக்கு உடைந்தவன்,
கையில் குடம், குடத்தில் வழிகிற பூ.
எத்தனை போத்தல் பிடிக்கும் என்று பார்த்தேன்.
பழக்கதோஷம்.

காலடியில் அரைவட்டக் கல்.
யானை, சிங்கம், குதிரை, மறுபடி யானை,
ஒன்றின் வாலை ஒன்று மோந்தபடி போகின்றன.
மாடு?
குனிந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.
ஓரிடம் மட்டும் மழமழவென்று வெறுமை.
செதுக்காமல் விட்டார்களோ,
ஏறின கால்கள் தேய்த்துவிட்டனவோ,
இல்லை அதுவும்
கம்பி தளர்ந்த பக்கத்தால் போய்விட்டதோ.

தூணடியில் ஒரு பிள்ளை. நிவேதினியாம், கம்பஸில் படிக்கிறாளாம்.
ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி
தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தாள்.
கல்லில் தமிழ்.
புள்ளி இல்லாத, கொம்பும் காலும் குழம்பின தமிழ்,
என்றாலும் என் வாயில் உள்ளதுதான்.
புத்தருக்கு முன் ஒரு விளக்கு எரிய
எவனோ எண்பத்துநாலு எருமை விட்டிருக்கிறான்.
சாவா மூவா எருமை.
"சாகாத, கிழடாகாத மாடு எங்க இருக்கு, அன்ரி?
சும்மா புகழ்ச்சிதானே?"

"புகழ்ச்சி இல்லைப் பிள்ளை, கணக்கு.
கிழடு விழும். கன்று எழும்பும்.
பட்டியில தலை குறையக்கூடாது.
குறைஞ்சா மேய்க்கிறவன் பொறுப்பு."

தூரிகை நின்றது.
நான் சொன்னதைக் கொப்பியில் எழுதினாள்.

முன்னம் ஒருமுறை எழுதியிருக்கிறார்கள்,
தொண்ணூறாம் ஆண்டு, முகாமில்.
எருமை அறுபத்தொன்று. பசு ஒன்பது. குறி 'கோ'.
விதானையார் ஒப்பம் வைத்தார்.
கயிறுகளை அறுத்துவிட்டு ஓடிவந்திருந்தோம்.
திரும்பிப் போனபோது
குறி சுட்டது ஒன்றும் இல்லை.
காட்டுக்குள் குறி இல்லாத கன்றுகள்
எங்களைக் கண்டு வெருண்டன.
அதில் ஒன்றின் வழி வந்தவள்தான் சுட்டி.
இவளுக்கு நான் குறி சுடவில்லை.
நெற்றியில் பிறவி வெள்ளை.
அது போதும்.

நின்ற புத்தருக்கு முன்னால்
பட்டப்பகலில் ஒரு மின்குமிழ் எரிந்தது.
எண்பத்துநாலும் எங்கே, யார் பொறுப்பு
என்று கேட்க வாய் வந்தது.
யாரிடம்?

பின்பக்கம் விஜேபால கத்தினான்.
அங்கே இன்னொரு நாகராசன், மூக்கு உடையாதவன்,
அவன் காலடியில் சாணி.
விஜேபால முகத்தைச் சுளித்தான், என்னைப் பார்த்தான்,
சிரிப்பை அடக்க மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தேக்கிலையால் வழித்தேன்.
விரல் இடுக்குகளில் ஒட்டினதை
உள்ளங்கையால் துடைத்தேன்.
கல் குளிர்ந்து கிடந்தது.
சாணி அப்படியில்லை,
இன்னும் சூடு.
தூரம் போயிருக்க மாட்டாள்.